திதி தெரிந்தால் நிலா எங்கே என்று சொல்லிவிடலாம்

நாள்காட்டித் தாளைக் கிழித்ததும் எங்கள் வீட்டில் எல்லாரும் பார்ப்பது ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம், அப்புறம் அன்றைக்குச் சந்திராஷ்டமம் யாருக்கு என்பது. அதே தாளில் திதி என்று ஒரு வரி இருக்கும், 'சப்தமி மாலை 4.12 வரை, பின்பு அஷ்டமி' என்கிற மாதிரி. விரதம் இருப்பவர்களையும் தர்ப்பணம் கொடுப்பவர்களையும் தவிர மற்றவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு அந்தத் தாளிலேயே மிகவும் பிடித்த வரி அதுதான். இன்றைக்கு நிலா எத்தனை மணிக்கு எழும், எப்போது மறையும், எவ்வளவு வளர்ந்திருக்கும், இருட்டும் நேரத்தில் வானத்தில் எந்தப் பக்கம் நிற்கும் என்பதெல்லாம் அந்த ஒரு வரியிலிருந்தே தெரிந்துவிடும், வாசலுக்குப் போய்ப் பார்க்கக்கூட வேண்டாம். திதியை நல்லது கெட்டது பார்க்க மட்டும் வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கணக்கு இவ்வளவுதான். வானத்தில் சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையே எவ்வளவு விலகல் இருக்கிறது என்பதுதான் திதி. இரண்டும் ஒரே திசையில் சேர்ந்து நிற்கும் கணம் அமாவாசை முடியும் கணம். அங்கிருந்து நிலா கிழக்கு நோக்கி விலகிக்கொண்டே போகும். 12 டிகிரி விலகும் வரை பிரதமை, 24 வரை துவிதியை, 36 வரை திருதியை என்று போய், 180 டிகிரி வரும்போது பௌர்ணமி முடிகிறது. அப்புறம் அதே பெயர்கள் மறுபடி தேய்பிறையில். 360 டிகிரியை 12ஆல் வகுத்தால் 30 திதி. இந்தச் சுற்று முடிய 29 அரை நாள் ஆகிறது, அதனால் ஒரு திதி சராசரியாக ஒரு நாளைவிடக் கொஞ்சம் குறைவு. நிலாவின் பாதை சரியான வட்டமில்லை, பூமிக்கு அருகே வரும்போது வேகமாகவும் தள்ளிப் போகும்போது மெதுவாகவும் நகரும், ஆகவே ஒரு திதி சில சமயம் 20 மணி நேரத்திலேயே முடிந்துவிடும், சில சமயம் 26 மணி நேரத்தைத் தாண்டும். நாள்காட்டியில் திதி முடிகிற நேரம் தினமும் ஒழுங்கில்லாமல் மாறுவதற்குக் காரணம் இதுதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் நாழிகைக் கணக்கு. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு மாதத்துக்கு 30 திதி. அப்படியென்றால் ஒரு திதிக்கு 2 நாழிகை, அதாவது 48 நிமிடம். வளர்பிறையில் சூரியன் மறைந்த பிறகு நிலா எவ்வளவு நேரம் வானத்தில் இருக்கும்? திதியின் எண்ணை இரண்டால் பெருக்கினால் நாழிகையில் விடை வந்துவிடும். பஞ்சமி என்றால் 10 நாழிகை, நான்கு மணி நேரம், ஆக ஆறேகாலுக்குச் சூரியன் மறைந்தால் பத்தேகால் வாக்கில் நிலா மறையும். தேய்பிறையில் அதே கணக்கை எழுவதற்குப் போட வேண்டும். சூரியன் மறைந்து, திதிக்கு இரண்டு நாழிகை வீதம் கழித்து நிலா எழும். திதியின் தொடக்கத்தில் இருக்கிறோமா முடிவில் இருக்கிறோமா என்பதைப் பொறுத்து முக்கால் மணி நேரம் முன்னே பின்னே ஆகும், அவ்வளவுதான். கைபேசியும் செயலியும் இல்லாமல், மனதுக்குள்ளேயே போடக்கூடிய கணக்கு.

நான்கு நாட்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் மீதி தானாக வந்துவிடும். அமாவாசையன்று நிலா சூரியனோடு எழுந்து சூரியனோடு மறையும். வளர்பிறை அஷ்டமியன்று நடுப்பகலில் எழுந்து, சூரியன் மறையும்போது உச்சியில் நின்று, நள்ளிரவில் மறையும். பௌர்ணமியன்று சூரியன் மறையும்போது எழும், விடியும்போது மறையும். தேய்பிறை அஷ்டமியன்று நள்ளிரவில் எழுந்து, விடியும்போது உச்சிக்கு வந்து, நண்பகலில் மேற்கே இறங்கிவிடும்.

என் அம்மா மாதாமாதம் சங்கடஹர சதுர்த்தி இருப்பவர். சாயங்காலம் பிள்ளையார் கோயிலில் அபிஷேகம் பார்த்துவிட்டு வந்து, நிலாவைப் பார்த்த பிறகுதான் சாப்பாடு. பௌர்ணமி கழிந்து நான்காம் திதி, நான்கு இரண்டு எட்டு நாழிகை, அப்படியென்றால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஆக ஒன்பது மணிக்கு முன்பின். பசியோடு இருப்பவரை ஏழரைக்கே மாடிக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்வதில் அர்த்தமே இல்லை. இந்தக் கணக்கு தெரிந்த பிறகு அம்மா நிதானமாகத் தொலைக்காட்சி பார்த்துவிட்டு எட்டே முக்காலுக்கு மேல் ஏறுகிறார். கிழக்கே தென்னை மரமும் எதிர்வீட்டு மாடியும் மறைப்பதால் எங்களுக்கு நிலா கண்ணில் படுவது எப்போதும் பஞ்சாங்க நேரத்துக்குக் கால் மணி நேரம் கழித்துத்தான், ஏனென்றால் பஞ்சாங்கத்தில் போடும் நேரம் தடையில்லாத அடிவானத்துக்கானது. விரதம் இருப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அதே போல ஒவ்வொரு நாளும் நிலா ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக எழும் என்று சொல்வது சராசரி மட்டுமே. நம் ஊரில் அது 40 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை மாறும். புரட்டாசி, ஐப்பசிப் பௌர்ணமிகளை ஒட்டித் தாமதம் குறைவு, பங்குனி, சித்திரையில் அதைவிட அதிகம். இங்கிலாந்து மாதிரி வடக்கே தள்ளி இருக்கும் நாடுகளில் இந்த வித்தியாசம் மிகப் பெரியது. செப்டம்பர் பௌர்ணமியை ஒட்டி அடுத்தடுத்த நாட்களில் கால் மணி நேர வித்தியாசத்திலேயே நிலா எழுந்துவிடும், அறுவடை முடிக்க வெளிச்சம் கிடைத்தது என்று அங்கே அதற்குத் தனிப் பெயரே உண்டு.

இந்தத் தாமதத்தால் மாதத்தில் ஒரு விசித்திரம் நடக்கும். தேய்பிறை அஷ்டமியை ஒட்டி, நிலா ஒரு நாள் இரவு 11.40க்கு எழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது 50 நிமிடம் தள்ளி, அதாவது நள்ளிரவு தாண்டி 12.30க்கு. அதற்குள் தேதி ஒன்றுக்குப் பதில் இரண்டு மாறிவிடும். நடுவில் உள்ள தேதிக்கு நிலா எழும் நேரமே கிடையாது! கைபேசிச் செயலியில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், செயலி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். வளர்பிறை அஷ்டமியை ஒட்டி இதே மாதிரி நிலா மறையாத தேதி ஒன்றும் வரும்.

சரி, கடலுக்கு வருவோம். நான் இருப்பது நாகப்பட்டினம். கிழக்கே முழுக்க வங்காள விரிகுடா, நிலா எழுவதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கேட்க முடியாது. பௌர்ணமிக்குத்தான் கடற்கரையில் கூட்டம் வரும். என்னைக் கேட்டால் அதற்கு மறுநாள், தேய்பிறைப் பிரதமையன்று வாருங்கள் என்பேன். பௌர்ணமியன்று நிலா எழும்போது வானத்தில் இன்னும் வெளிச்சம் மிச்சம் இருக்கும், வெளிறிப்போய் வரும், எங்கே வந்தது என்று தேட வேண்டியிருக்கும். மறுநாள் முக்கால் மணி நேரம் தாமதம், அதற்குள் நன்றாக இருட்டிவிடும். அப்போது கடலும் வானமும் சேர்கிற கோட்டில் முதலில் ஒரு செம்மை தெரியும், தூரத்தில் ஏதோ படகில் தீப்பற்றிக்கொண்டதா என்று ஒரு கணம் தோன்றும், பிறகு விளிம்பு வெளியே வரும், இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முழு நிலாவும் தண்ணீரை விட்டு எழுந்துவிடும். நகர்வது கண்ணுக்கே தெரியும். நிலா நகர்வதைக் கருவி எதுவும் இல்லாமல் நேராகப் பார்க்கக் கிடைப்பது அது எழும்போதும் மறையும்போதும்தான், பாதி வானம் ஏறிவிட்டால் அசையாமல் நிற்பதாகத்தான் படும்.

அந்தச் சிவப்புக்குக் காரணம் சூரியன் மறையும்போது வரும் அதே காரணம்தான். அடிவானத்திலிருந்து வரும் ஒளி காற்றுமண்டலத்தில் நீண்ட தூரம் கடந்து வர வேண்டும், வழியில் நீலம் சிதறிப்போய் சிவப்பும் மஞ்சளும்தான் நம்மிடம் வந்து சேரும். மேலும் கீழும் நசுங்கிய மாதிரி தெரிவதற்கும் காற்றுதான் காரணம், அது ஒளியை வளைக்கிறது, அடிவானத்தை ஒட்டிய கீழ் விளிம்பை மேல் விளிம்பைவிட அதிகமாக. அந்த வளைவு அரை டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதல், நிலாவின் முழு அகலமும் அதே அரை டிகிரிதான். ஆக, நிலா முழுதாகக் கடலுக்கு மேல் வந்து உட்கார்ந்திருப்பதாக நாம் பார்க்கும் அந்தக் கணத்தில், நேர்கோட்டில் பார்த்தால் அது இன்னும் அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கிறது.

எழும்போது அவ்வளவு பெரிதாகத் தெரிகிறதே என்று கேட்பார்கள். அது நம் மூளை செய்வது. கையை முழுதாக நீட்டி ஒரு காய்ந்த பட்டாணியை விரல் நுனியில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள், எழும் நிலாவும் மறைந்துவிடும், நடு இரவில் தலைக்கு மேல் நிற்கும் நிலாவும் அதே பட்டாணிக்குள் மறைந்துவிடும். உண்மையில் தலைக்கு மேல் இருக்கும்போதுதான் நிலா நமக்குக் கொஞ்சம் அருகில் இருக்கிறது, பூமியின் அரை விட்டம் அளவுக்கு, சுமார் 6,400 கிலோமீட்டர். மூளை ஏன் இப்படிச் செய்கிறது என்பதில் அறிவியலாளர்களிடையே இன்னும் ஒரே முடிவு வரவில்லை. செய்தித்தாள்கள் கொண்டாடும் சூப்பர் மூன் வேறு விஷயம், அதில் நிலா நிஜமாகவே அருகில் வருகிறது, மிகத் தொலைவில் இருக்கும் பௌர்ணமியோடு ஒப்பிட்டால் அகலம் 14 சதவீதம் வரை கூடும், ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் வெறும் கண்ணால் அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

நிலா எழும் இடமும் மாதத்துக்கு மாதம் மாறும், கடற்கரையில் நின்றால் இது நன்றாகத் தெரியும். பௌர்ணமி நிலா சூரியனுக்கு நேர் எதிரே நிற்பது. அதனால் மார்கழி, தையில் சூரியன் தென்கிழக்கே எழும் காலத்தில், பௌர்ணமி நிலா வடகிழக்கே எழுந்து நடு இரவில் ஏறக்குறைய நம் தலைக்கு மேல் வரும். ஆனியில் தலைகீழ், நிலா தென்கிழக்கே எழுந்து தெற்கே சாய்ந்தபடி போய்விடும். தைப்பூசத்தன்று நள்ளிரவில் மொட்டை மாடியில் நின்று நிழலைப் பாருங்கள், காலடியிலேயே சுருண்டு கிடக்கும்.

தைப்பூசம் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் திருவிழாப் பட்டியலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சித்திரையில் சித்திரை, வைகாசியில் விசாகம், கார்த்திகையில் கார்த்திகை, மார்கழியில் திருவாதிரை, தையில் பூசம், மாசியில் மகம், பங்குனியில் உத்திரம். எல்லாமே பௌர்ணமியில் அல்லது அதை ஒட்டி வருபவை. அந்த மாதத்தில் முழுநிலா எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்குமோ அதுதான் அந்த மாதத் திருவிழா. நட்சத்திரங்களை 27 ஆக வைத்ததும் நிலாவை வைத்துத்தான். விண்மீன்களின் ஊடே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வர நிலாவுக்கு 27 நாளும் சுமார் எட்டு மணி நேரமும் ஆகிறது, ஆக ஒரு நாளைக்கு ஒரு நட்சத்திரம். திருக்கார்த்திகையன்று விளக்கேற்றி முடித்ததும் நிலாவுக்கு அருகே ஒரு பைனாகுலரைத் திருப்பிப் பாருங்கள், நிலா வெளிச்சத்தில் வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கார்த்திகைக் கூட்டம் அங்கே இருக்கும். பெயர் வைத்தவர்கள் வானத்தைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள், நாம்தான் தேதியைப் பார்த்துவிட்டு வானத்தை விட்டுவிட்டோம். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

எங்கள் பகுதியில் வானத்தைப் பார்க்கும் பழக்கத்தை விடாமல் வைத்திருப்பவர்கள் நாகூர்க்காரர்கள். அங்கே மாதம் தொடங்குவது பிறை பார்த்து. தர்காவில் கந்தூரி விழாவுக்குக் கொடியேற்றும் நாளும் பிறையை வைத்துத்தான். தேதியைக்கூட 'இன்று பிறை பத்து' என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், எனக்கு அதைக் கேட்க அவ்வளவு பிடிக்கும். பிறை பார்ப்பது எளிய வேலை இல்லை. நிலா சூரியனிலிருந்து குறைந்தது 7 டிகிரி விலகாமல் பிறையே உருவாகிக் கண்ணுக்குத் தெரியாது என்று 1930களில் பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே தாஞ்சோன் கணித்தார். வெறும் கண்ணுக்கு நடைமுறையில் அதைவிடக் கூடுதல் விலகல் வேண்டும். பிரதமை முடியவே 12 டிகிரி விலக வேண்டும் என்று பார்த்தோம் இல்லையா, அதனால் பிரதமையின் முதல் பாதியில் யாராலும் பார்க்க முடியாது. பெரும்பாலும் அமாவாசை முடிந்து கிட்டத்தட்ட ஒரு நாள் கழிய வேண்டும், மேற்கு அடிவானம் மேகமில்லாமல் இருக்க வேண்டும், சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும், இல்லையென்றால் நிலாவும் மறைந்துவிடும். எங்களுக்குக் கடல் கிழக்கே இருப்பதால் பிறை பார்க்க ஊருக்கு மேற்கே வயல்வெளிப் பக்கம் போவதுதான் வசதி.

வளைகுடாவில் ஒரு நாள் முன்பே பெருநாள் வருகிறதே என்று ஒவ்வொரு வருடமும் பேச்சு வரும். வானியல் பக்கம் அதற்கு ஒரு எளிய காரணம் இருக்கிறது. அங்கே சூரியன் மறைவது நமக்கு மறைந்து இரண்டரை மணி நேரம் போலக் கழித்து. அதற்குள் நிலா சூரியனிலிருந்து இன்னும் ஒரு டிகிரிக்கும் மேல் விலகியிருக்கும், பிறை கொஞ்சம் தடித்திருக்கும். விளிம்பில் இருக்கும் மாதங்களில் அந்த ஒரு டிகிரியே போதும்.

2023 மார்ச் 24 நினைவிருக்கிறதா? இந்தியாவில் ரமலான் தொடங்கிய நாள். அன்று மாலை பிறைக்கு அடியிலேயே ஒட்டிக்கொண்டு வெள்ளி நின்றது, எல்லார் கைபேசியிலும் அந்தப் படம் வந்தது. அன்று பகலில் நிலா வெள்ளியை மறைத்துவிட்டு நகர்ந்திருந்தது, மாலையில் நாம் பார்த்தது அதன் தொடர்ச்சி. விளம்பரங்களிலும் படங்களிலும் பிறையின் இரண்டு கொம்புக்கும் நடுவே, உள்ளுக்குள் விண்மீனை வரைகிறார்கள். அங்கே விண்மீன் தெரிய வாய்ப்பே இல்லை, அந்த இருட்டு இடத்திலும் நிலா முழுதாக இருக்கிறது. மூன்றாம் பிறையை உற்றுப் பார்த்தாலே அது தெரியும், ஒளிரும் கீற்றுக்கு மேலே மீதி வட்டம் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். அது பூமியில் பட்டுத் திரும்பிப் போன சூரிய ஒளி. நிலாவில் நின்று பார்த்தால் அந்த நேரத்தில் பூமி கிட்டத்தட்ட முழு வட்டமாக இருக்கும், அந்தப் பூமி வெளிச்சம்தான் நிலாவின் இரவுப் பக்கத்தில் விழுகிறது. இதை 1500களின் தொடக்கத்திலேயே லியனார்டோ டா வின்சி சரியாக விளக்கி எழுதி வைத்திருக்கிறார்.

பிறை நிற்கும் கோணமும் கவனிக்க வேண்டியது. மாசி, பங்குனி மாலைகளில் நம் ஊர்ப் பிறை தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும், இரண்டு கொம்பும் மேலே பார்த்தபடி. புரட்டாசியில் அதே பிறை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சூரியனும் நிலாவும் போகும் பாதை மேற்கு அடிவானத்தோடு சேரும் கோணம் மாதத்துக்கு மாதம் மாறுவதால் வருவது இது, பிறையின் ஒளிர்ந்த பக்கம் எப்போதும் சூரியன் மறைந்த இடத்தைப் பார்த்தே நிற்கும். லண்டனிலோ டொரண்டோவிலோ இருக்கும் நம்மவர்கள் பார்ப்பது இதைவிட நிமிர்ந்த பிறை. சிட்னியில் இருப்பவர்களுக்கு வளர்பிறையின் வெளிச்சம் இடப்பக்கம் இருக்கும்.

பிறை தேய்வதும் வளர்வதும் பூமியின் நிழல் விழுவதால்தான் என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். பூமியின் நிழல் விழுந்தால் அது கிரகணம், 2025 செப்டம்பர் 7 இரவு பதினொரு மணிக்கு முழு நிலாவும் செம்பு நிறமாகப் போனதே, அதுதான் நிழல். நிலாவின் பாதை 5 டிகிரி சாய்ந்திருப்பதால் பெரும்பாலான பௌர்ணமிகளில் அந்த நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ தப்பித்துப் போய்விடுகிறது. நிலாவுக்குச் சொந்த ஒளி இல்லை, கிரகணம் நிழலால் வருவது என்று 499ஆம் ஆண்டிலேயே ஆரியபட்டர் எழுதிவிட்டார். பிறைகளுக்குக் காரணம் நாம் பார்க்கும் கோணம். நிலாவில் எப்போதும் பாதி வெளிச்சம், பாதி இருட்டு, அந்த வெளிச்சப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் மாறுகிறது.

இதை வாயால் சொல்லிப் புரியவைப்பது சிரமம். என் அக்கா மகள் ஒருநாள் "மாமா, பகல்ல எதுக்கு நிலா வந்திருக்கு, அதுக்கு ராத்திரிதானே டியூட்டி?" என்று கேட்டாள். சாயங்காலம் நாலரை மணி, வளர்பிறைச் சப்தமியோ அஷ்டமியோ. வெள்ளை ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து, மாடியில் வெயிலில் நிற்கவைத்து, பந்தைக் கை நீட்டி நிலாவுக்குப் பக்கத்தில் தெரிகிற மாதிரி பிடிக்கச் சொன்னேன். பந்தில் வெயில் பட்ட பகுதி எந்த வடிவத்தில் இருக்கிறதோ, அதே வடிவத்தில்தான் பக்கத்தில் நிலாவும் இருந்தது. அவள் பந்தையும் நிலாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்போ ரெண்டு மேலயும் ஒரே வெயில்" என்றாள். இதற்கு மேல் விளக்கம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவசியம் செய்து பாருங்கள், சூரியனும் நிலாவும் சேர்ந்து வானத்தில் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. வளர்பிறை அஷ்டமியை ஒட்டி மாலையில், தேய்பிறை அஷ்டமியை ஒட்டிக் காலையில். நிலாவுக்கு இரவு வேலை என்று எதுவும் கிடையாது, மாதம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் இரவில் இருக்கும் அளவு பகலிலும் இருக்கிறது.

பகல் நிலாவின் உச்சம் அமாவாசை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கோடியக்கரையில் கடலில் முழுகித் தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் கூட்டமாக வருவார்கள். நிலா இல்லாத நாள் என்று சொல்கிறோம், ஆனால் அன்று நிலா காலையில் சூரியனோடு எழுந்து, சடங்கு நடக்கும் நேரம் முழுக்க அவர்கள் தலைக்கு மேலேதான் இருக்கிறது, சூரியனுக்குப் பக்கத்தில், இருண்ட பக்கத்தை நம்மிடம் காட்டிக்கொண்டு. சூரியனும் சந்திரனும் சேர்ந்திருக்கும் நாளை முன்னோர்களுக்கு என்று ஒதுக்கியவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது.

வேளாங்கண்ணி பக்கத்து ஊர் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஈஸ்டர் கணக்கும் நிலாக் கணக்குதான், மார்ச் 21ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு. அதனால் பெரிய வியாழன் இரவில் எந்த வருடமானாலும் பௌர்ணமியை ஒட்டிய பெரிய நிலாவாகத்தான் இருக்கும், வானம் தெளிவாக இருந்தால், சில வருடம் அது எழவே ஒன்பது மணி ஆகிவிடும்.

இனி எனக்கு மிகவும் நெருக்கமான கணக்கு. சந்திரயான் 3இன் விக்ரம் நிலாவில் இறங்கியது 2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04. அன்று வளர்பிறைச் சப்தமி. எல்லாரும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில், தமிழ்நாட்டில் வெளியே வந்து தெற்கே நிமிர்ந்து பார்த்தால் அரைநிலாவுக்குக் கொஞ்சம் குறைவான நிலா உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்து இறக்கிய கலம், நாம் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்திலேயே, தென்முனைப் பக்கம் இறங்கியது. தேதியைத் தேர்ந்தெடுத்ததே பிறையை வைத்துத்தான். விக்ரம் சூரியத் தகட்டில் ஓடியது. நிலாவில் ஒரு பகல் என்பது நமக்கு சுமார் 14 நாள், அந்த 14 நாளும் முழுதாக வேலை செய்ய வேண்டுமென்றால் அந்த இடத்தில் விடிந்த கையோடு இறங்கிவிட வேண்டும், அந்தச் சில நாட்களைத் தவறவிட்டால் அடுத்த விடியலுக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

விக்ரம் நிற்பது நிலாவின் 69 டிகிரி தெற்கில், 32 டிகிரி கிழக்கில். அந்த 32 டிகிரியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அங்கே சூரியன் எழும்போது நமக்குச் சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையே விலகல் 58 டிகிரி வாக்கில், மறையும்போது 238 வாக்கில். திதியில் சொன்னால் வளர்பிறைப் பஞ்சமியில் விடிந்து தேய்பிறைப் பஞ்சமியில் இருட்டுகிறது, ஒரு திதி முன்னே பின்னே இருக்கலாம். 2023 செப்டம்பர் 4 அன்று விக்ரமை உறங்கவைத்தார்கள், அன்றைய தாளைப் பார்த்தால் தேய்பிறைப் பஞ்சமி.

பைனாகுலர் இருந்தால் அடுத்த வளர்பிறைப் பஞ்சமி, சஷ்டி மாலைகளில் நிலாவில் வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டைப் பாருங்கள். பௌர்ணமியில் பார்த்து ஏமாந்துபோனவர்கள் நிறையப் பேர், அன்று சூரியன் நேராக அடிப்பதால் பள்ளங்களுக்கு நிழலே இருக்காது. அந்தக் கோட்டை ஒட்டித்தான் நிழல் நீளமாக விழும், பள்ளங்களின் விளிம்பு ஒவ்வொன்றாகத் துலங்கும். 10x50 அளவு போதும், கை ஆடாமல் இருக்க மாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். கோட்டின் தெற்கு முனைக்குப் போனால் அங்கே பள்ளத்தின் மேல் பள்ளமாகக் கரடுமுரடாக இருக்கும். விக்ரம் இருப்பது அந்தப் பக்கம்தான், தென்முனைக்கு எட்டும் முன். கலத்தைப் பார்க்க முடியாது, பூமியிலிருந்து எந்தத் தொலைநோக்கியாலும் முடியாது, ஆனால் அங்கே விடிந்துவிட்டதா இல்லையா என்பதைப் பார்க்கலாம்.